ஸேர் என்றொரு பெயரடை

1921 டிசம்பர் 6ஆம் தேதி விடிவதற்கு முன் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை ஒரு நாட்டுக்குப் பெயர் வைத்தது. 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்'. இந்த ஆங்கிலப் பெயர் ஒரு மொழிபெயர்ப்பு. சரியாகச் சொன்னால், மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. 'ரிபப்ளிக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக ஐரிஷ் மொழியில் ஒரு சொல்லைச் செய்திருந்தார்கள். அந்தச் சொல்லைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது ரிபப்ளிக் திரும்பி வரவில்லை; வேறொன்று வந்தது. போன சரக்கும் வந்த சரக்கும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை முன்வைத்து ஒரே படையில் இருந்தவர்கள் மறு வருஷம் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அயர்லாந்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இதை ஒரு வேடிக்கைக் குறிப்பாகச் சொல்லிவிட்டு, சத்தியப் பிரமாணம், மன்னர், எல்லைக்கோடு என்று பெரிய விஷயங்களுக்குப் போய்விடுகிறார்கள். பெரிய விஷயங்கள் பெரியவைதான். ஆனால் அவை எல்லாம் அந்த ஒரு பெயரடைக்குள் ஆயிரம் ஆண்டுகளாகக் காத்திருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

சொல் 'ஸேர்'. தெற்கே மன்ஸ்டர் பக்கத்தார் அப்படிச் சொல்கிறார்கள். மேற்கே கானக்ட் பகுதிக்குப் போனால் 'ஸீர்' என்றாகிவிடும். எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. நான் மன்ஸ்டர் உச்சரிப்பையே வைத்துக்கொள்கிறேன். அகராதியைத் திறந்தால் முதலில் 'விடுதலை பெற்ற, சுதந்திரமான' என்று வரும். பிறகு 'நீங்கிய, இல்லாத'. இன்னதிலிருந்து நீங்கிய என்ற பொருளில். பிறகு, சற்றும் எதிர்பாராமல், 'மலிவான'. கடைக்காரர் ஒரு மேற்சட்டையை ஸேர் என்று சொன்னால் அதற்கு விலை குறைவு என்று அர்த்தம். இதன் எதிர்ச்சொல் 'தேர்'. நம் தேர் அல்ல. முதலெழுத்தை 'தயவு' என்பதில் ஒலிக்கிறபடி ஒலிக்கவேண்டும். தேர் என்றால் அடிமைப்பட்ட. தேர் என்றால் விலை அதிகமான. வினையாக வந்தால் தண்டனைக்கு உட்படுத்து. சிறைப்பட்டவனும் அதிக விலையுள்ள சாமானும் ஒரே சொல்லில் அடங்குகிறார்கள். விடுதலை என்பதற்கு 'ஸேர்ஷெ'. இதைப் பெண்குழந்தைகளுக்குப் பெயராக வைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. பிரஜை என்பதற்கு 'ஸேரானக்'. விடுமுறைக்கு 'ஸேரெ'. எல்லாம் ஒரே வேர்.

இனி இலக்கணம். நம் தமிழில் 'நல்ல', 'பெரிய' போன்ற சொற்கள் பெயருக்கு முன் வந்து நிற்கும். ஆணா பெண்ணா, ஒருமையா பன்மையா என்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. ஐரிஷ் பெயரடை அப்படியல்ல. அது பெயருக்குப் பின்னால் நடக்கிறது; நடக்கும்போது முன்னே போகிறவரைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்கிறது. 'ஃபார்' என்றால் ஆண்; ஃபார் ஸேர், சுதந்திர மனிதன். 'பான்' என்றால் பெண். ஆனால் பான் ஸேர் என்று சொல்ல முடியாது. பெண்பாற் பெயரின் பின்னால் வந்ததும் முதல் மெய் மெலிந்து பான் ஹேர் என்றாகிவிடும். எழுத்தில் ஸகரத்தின் பக்கத்தில் ஒரு ஹகரத்தைச் சேர்ப்பார்கள். வாயில் ஸகரம் போய்விடும். பன்மைக்கு ஒரு வடிவம், ஆறாம் வேற்றுமைக்கு இன்னொன்று. ஒப்புமைப்படுத்தவும் முடியும்: 'நீஸ் ஸேரெ' என்றால் இன்னும் சுதந்திரமான, அல்லது இன்னும் மலிவான. பின்னால் நிற்கும் ஸேர் சூழ்நிலைக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கிற சொல், கூடும், குறையும்.

அதையே பெயருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. முன்னால் வரும் பெயரடை ஐரிஷில் தனிச்சொல்லாக நிற்பதில்லை. பெயருடன் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். இப்போது மெலிவது பெயரின் முதலெழுத்து. 'தொல்' என்றால் சித்தம்; ஸேர் முன்னால் வந்தால் ஸேர்ஹொல், சுதந்திர சித்தம். இப்படி ஒட்டிய பிறகு அந்த ஸேரைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அது ஒரு குணம் என்பது போய், பொருளின் ஜாதியாகவே ஆகிவிடுகிறது. 'ஸ்தாத்' என்றால் அரசு. ஸேர்ஸ்தாத். இந்த இடத்தில் மட்டும் எதுவும் மெலியவில்லை, ஏனெனில் தகரத்தை அடுத்து நிற்கும் ஸகரத்தை ஐரிஷ் இலக்கணம் தொடுவதில்லை. அரசு என்ற அந்நியச் சொல், பக்கத்தில் யார் வந்து நின்றாலும் தன் முதலெழுத்தை விட்டுக்கொடுக்காத ஒன்றாக அமைந்துவிட்டது.

ஸேர்ஸ்தாத்தின் தலையெழுத்து வேறு. 'அந்த ஸேர்ஸ்தாத்தினுடைய' என்று ஆறாம் வேற்றுமையில் சொல்ல வேண்டுமானால், முன்னே ஒரு தகரம் வந்து ஸகரத்தை மறைத்துவிடும். அந்த அரசின் ராணுவம் என்று சொல்லும்போது காதில் விழுவது 'அன் தேர்ஸ்தாத்ய்' என்பதற்குப் பக்கமான ஒலி. வல்லினத் தகரம், எனவே அடிமைப்பட்ட தேர் அல்ல; ஐரிஷ் காதுக்குக் குழப்பம் கிடையாது. ஆனால் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. இதை நான் ஒரு வாதமாகச் சொல்லவில்லை. தமிழில் எழுதிப் பார்க்கிறபோது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

இச்சொல் எங்கிருந்து வந்தது என்பது இதைவிட முக்கியம். பழைய ஐரிஷில் இது 'ஸோய்ர்', எதிர்ச்சொல் 'தோய்ர்'. மொழி ஆராய்ச்சியாளர்கள் இவற்றைப் பிரித்துக் காட்டுகிறார்கள்: 'ஸு-விரோஸ்', 'து-விரோஸ்'. விரோஸ் என்றால் ஆண், மனிதன். ஸம்ஸ்கிருதத்து வீரனும் லத்தீன் 'விர்' என்பதும் அதன் உடன்பிறப்புகள். முன்னொட்டுகள் நமக்கு அந்நியமல்ல. ஸம்ஸ்கிருதத்திலிருந்து நாம் வாங்கி வைத்திருக்கும் சுகம்-துக்கம், சுபிட்சம்-துர்ப்பிட்சம் ஆகிய ஜோடிகளில் இருக்கும் அதே சுவும் துவும்தான். ஐரிஷில் இந்த ஜோடிகள் இன்றும் வாழ்கின்றன: ஸொன, தொன - மகிழ்ச்சியான, மோசமான, ஸொஹர், தொஹர் - லாபம், கேடு. அறிஞனுக்கும் மூடனுக்கும்கூட ஒரு ஸகரமும் ஒரு தகரமும்தான் வித்தியாசம்: ஸீ, தீ. அறிஞன் என்கிற அந்த 'ஸீ'யை அயர்லாந்தின் கலைஞர் அமைப்பான ஏஸ்தானா தன் ஆகப்பெரிய கௌரவத்தின் பெயராக வைத்திருக்கிறது. 1984இல் ஸாமுவெல் பெக்கட்டுக்கு அது கிடைத்தது.

ஆக, ஸோய்ர் என்பதன் அடியில் 'நல்ல மனிதன்' இருக்கிறான். தோய்ர் என்பதன் அடியில் 'கெட்ட மனிதன்'. விலங்கு, சிறை, திறந்த கதவு எதுவும் இந்தச் சொல்லில் இல்லை. இருப்பது பிறப்பு, கௌரவம், அந்தஸ்து. சுதந்திரம் என்று நாம் இன்று எதை நினைக்கிறோமோ அது இந்தச் சொல்லுக்குள் பின்னால் வந்து குடியேறியது. முதலில் குடியிருந்தது மேல்தட்டு.

ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட ஐரிஷ் சட்ட நூல்களைப் பார்த்தால் இது வெட்டவெளிச்சமாகிறது. ஒவ்வொரு மனிதனுக்கும் அங்கே ஒரு மானவிலை உண்டு. அவனை அவமதித்தாலோ காயப்படுத்தினாலோ கொடுக்க வேண்டிய ஈடு. 'க்ரித் கவ்லாக்' என்ற நூல் கி.பி. 700ஐ ஒட்டியது. சுதந்திர மனிதர்களையே படிப்படியாக அடுக்கி, யாருக்கு எத்தனை மாடு, எவ்வளவு பெரிய வீடு, எவ்வளவு மானவிலை என்று அளந்து வைக்கிறது. சுதந்திரம் என்பது ஓர் எல்லைக்கோடு, அதைத் தாண்டியவர்கள் எல்லோரும் சமம் என்ற எண்ணமே அங்கு இல்லை. ஸோய்ர் என்பது ஓர் ஏணி.

இதில் என்னை நிறுத்திவைத்த பகுதி கால்நடைக் கடன் பற்றியது. பிரபு ஒருவன் தன்னைவிடச் சிறியவனுக்கு மாடுகளைக் கொடுக்கிறான். வாங்கியவன் அவனுடைய 'கேலெ', அதாவது சார்ந்தவன். இந்தச் சார்பு இரண்டு வகை. ஒன்று தோய்ர் சார்பு. அதில் வாங்குகிறவனுக்கு மாடுகளோடு அவன் மானவிலைக்குச் சமமான தொகையும் வந்துவிடும். பதிலுக்கு அவன் வருஷாவருஷம் தானியமும் மாமிசமும் கொடுக்க வேண்டும், உடலுழைப்பு தரவேண்டும், பிரபு பரிவாரத்தோடு வந்தால் விருந்து வைக்க வேண்டும். நினைத்தபோது விலக முடியாது, விலகினால் அபராதம். மற்றது ஸோய்ர் சார்பு. இதில் மானம் விற்கப்படுவதில்லை. எப்போது வேண்டுமானாலும் மாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். ஆனால் வட்டி கடுமை: மூன்று மாடு வாங்கினால் வருஷத்துக்கு ஒரு மாடு. தவிர, பிரபு வரும்போது எழுந்து நிற்கவேண்டும். எழுந்து நிற்பது சட்டத்தில் எழுதப்பட்ட கடமை.

இன்றைய ஐரிஷில் ஸேர் என்றால் மலிவு. அன்றைய சட்டத்தில் ஸோய்ர் வகை மாடுதான் அதிக விலைக்கு வந்தது. தன் மானத்தைக் கையில் வைத்துக்கொள்ள ஒருவன் அதிகப்படி வட்டி கட்டினான். கட்டியபிறகும் அவனுக்கு ஒரு பிரபு இருந்தான். தோய்ர் சார்புள்ளவன்கூட அடிமையல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். அடிமைக்கு வேறு சொற்கள் உண்டு: ஆணுக்கு 'முக்', பெண்ணுக்கு 'குமல்'. இந்தக் குமல் என்பது பிற்பாடு ஒரு நாணய அலகாகிவிட்டது. நிலத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் இத்தனை குமல் என்று கணக்கு. ஒரு சிற்றரசனின் மானவிலை ஏழு குமல். அடிமைப் பெண்ணின் பெயரால் ராஜாவின் மானத்தை அளந்த சமூகம் அது. பழைய ஐரிஷ் சமூகத்தை ஒரு பொற்காலமாகக் காட்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர்கள் இந்த அலகைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஸோய்ர் வரிசையில் கவிஞனுக்கும் இடம் இருந்தது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் ரசிக்கலாம். தேவாலயம், பிரபு, கவிஞன் ஆகியோர் ஸோய்ர். தச்சன், கொல்லன், வைத்தியன் முதலிய கைத்தொழில் தெரிந்தவர்கள் சலுகை பெற்றவர்களே ஆனாலும் தோய்ர் பிரிவில். வாத்தியக்காரர்களில் யாழ் வாசிப்பவனுக்கு மட்டும் தனி மரியாதை. மற்றவர்கள் யாரையாவது அண்டித்தான் கௌரவம் பெற்றார்கள். இதில் ஒரு விசித்திரம். தச்சனுக்கும் ஐரிஷில் 'ஸேர்' என்றே பெயர். ஒலி ஒன்று, வேர் வேறு என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். மக்கின்டயர் என்ற குடும்பப் பெயரில் இருப்பவன் இந்தத் தச்சன்தான்: தச்சனின் மகன். நடுவில் கேட்கும் டகரம் நான் முன்பு சொன்ன, ஸகரத்தை மறைக்கும் தகரமே. ஆகவே அன்றைய அயர்லாந்தில் ஒருவன் பெயரில் ஸேராகவும் அந்தஸ்தில் தோய்ராகவும் இருந்தான். சொல்லைக் கட்டுபவன் ஒரு படி மேலே, வீட்டைக் கட்டுபவன் ஒரு படி கீழே. கவிஞர்கள் எழுதுகிற நாட்டில் சட்டமும் கவிஞர்கள் கையால் எழுதப்பட்டால் இப்படித்தான் இருக்கும்.

இந்த அடுக்குமுறை ஆங்கிலேய ஆதிக்கத்தில் பதினேழாம் நூற்றாண்டோடு அழிந்தது. பிரபுவும் போனான், கடன் மாடும் போயிற்று. பெயரடை மட்டும் குடியானவர்களின் பேச்சில் மிஞ்சியது. அந்தஸ்து உதிர்ந்த பின் 'எதிலிருந்தாவது நீங்கிய' என்ற பொருள் மேலே வந்தது. பாரம் நீங்கிய, குற்றம் நீங்கிய, செலவு நீங்கிய. மலிவு என்ற அர்த்தத்துக்கு அங்கிருந்து ஒரு எட்டுதான். நம்முடைய 'மலிவு'ம் ஒரு காலத்தில் நிறைவைக் குறித்து, பிறகு சந்தைக்குப் போய் விலைக்குறைவானது.

1916 ஏப்ரல் 24 அன்று டப்ளினில் கிளர்ச்சிக்காரர்கள் வெளியிட்ட பிரகடனம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தலைப்பின் முதல் வரி மட்டும் ஐரிஷ். அதில் ரிபப்ளிக்குக்கு ஈடாக 'பொப்லக்த்' என்ற புதுச்சொல் இருந்தது. 'பொபல்' என்றால் ஜனங்கள். லத்தீன் 'பொபுலுஸ்' கிறிஸ்தவத்தோடு வந்து, கோவிலில் கூடும் சபை என்ற அர்த்தத்தோடு தங்கிவிட்ட சொல். அதில் ஐரிஷ் விகுதி ஒட்டப்பட்டது. 1919 ஜனவரி 21 அன்று முதன்முறையாகக் கூடிய டாயில் சபை சுதந்திரப் பிரகடனத்தை ஐரிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் வாசித்தது. அதன் ஐரிஷ் வடிவத்தில் பொப்லக்த் இல்லை. ஸேர்ஸ்தாத் இருந்தது. ஆங்கில வடிவத்தில் ரிபப்ளிக். ஆக, ஒரே அரசுக்கு மூன்று வருஷத்தில் இரண்டு ஐரிஷ் பெயர்கள். ஒன்றில் வேர் லத்தீன், வால் ஐரிஷ். மற்றதில் பெயரடை ஐரிஷ், பெயர் லத்தீன் வழி வந்தது. தனி ஐரிஷ் என்று இரண்டிலும் எதையும் காட்டமுடியாது. தூய்மைவாதிகள் எந்த நாட்டிலும் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டக்கட்டைகள்தான்.

ஸேர்ஸ்தாத் என்று கோத்தவர்கள் கனவு கண்டுகொண்டு கோக்கவில்லை. ஜெர்மனில் ரிபப்ளிக்கைக் குறிக்க 'ஃப்ரைஷ்டாட்' என்ற சொல் உண்டு. 1918இல் முடியாட்சி விழுந்ததும் பவேரியாவும் பிரஷ்யாவும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டன. தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த போயர்கள் 1854இல் அமைத்த குடியரசுக்கும் அதே பாணியில்தான் பெயர்: ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட். ஆனால் இந்த இரண்டாவது உதாரணத்துக்கு ஒரு பின்கதை உண்டு. போயர் யுத்தத்தில் 1902இல் அந்தக் குடியரசு பிரிட்டிஷாரிடம் வீழ்ந்தது. பெயர் மாற்றப்பட்டது. 1910இல் தென்னாப்பிரிக்க யூனியன் உருவானபோது பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஒரு மாகாணத்துக்கு. நாடு போய்விட்டது, பெயரடை பத்திரமாக இருந்தது. லண்டனுக்கு இந்த அனுபவம் இருந்தது. 1921 ஜூலை தொடக்கத்தில் டி வலேராவிடம் சமாதானம் பேச டப்ளினுக்கு ரகசியமாக வந்து போனவர், அதே போயர் யுத்தத்தில் பிரிட்டனுக்கு எதிராகச் சண்டையிட்டு, பின்னர் தென்னாப்பிரிக்காவின் பிரதம மந்திரியாகிவிட்ட ஸ்மட்ஸ் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். குடியரசு வேண்டாம் என்பதே அவருடைய ஆலோசனை.

அதே ஜூலை மாத நடுவில் டி வலேரா லண்டன் சென்று லாய்ட் ஜார்ஜைச் சந்தித்தார். பின்னால் சொல்லப்பட்டுவரும் கதை இது. டி வலேரா தந்த பத்திரம் ஐரிஷில் இருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு உடன் வைக்கப்பட்டிருந்தது. லாய்ட் ஜார்ஜ் வெல்ஷ்காரர், வெல்ஷ் அவர் தாய்மொழி. ஐரிஷின் தூரத்து உறவு. அவர் ஆங்கிலத்தை விட்டுவிட்டு ஐரிஷ் தலைப்பைப் பார்த்தார். ஸேர்ஸ்தாத் என்றால் நேர் அர்த்தம் என்ன என்று கேட்டார். ஃப்ரீ ஸ்டேட் என்று பதில் வந்தது. அப்படியானால் குடியரசுக்கு உங்களிடம் சொல் எது? தன் உதவியாளர் தாமஸ் ஜோன்ஸுடன் வெல்ஷில் பேசிப் பார்த்துவிட்டு, கெல்டியர்களிடம் அதற்குச் சொந்தச் சொல் இல்லை, அவர்கள் ஒருபோதும் குடியரசுக்காரர்களாக இருந்ததில்லை என்று சொன்னாராம். இன்றைய வெல்ஷில் குடியரசுக்கு 'க்வெரின்யெத்' என்ற சொல் புழங்குகிறது. 'க்வெரின்' என்றால் சாமானிய ஜனங்கள். சொல் இல்லாததனால் ஒரு பொருள் இல்லை என்று வாதாடுவது, எதிராளி சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது மட்டும் ஜெயிக்கும் வாதம்.

ஆனால் இலக்கணத்தில் அவர் செய்த காரியம் கச்சிதம். ஒட்டியிருந்த சொல்லைப் பிரித்தார். ஸேர்ஸ்தாத் ஐரிஷில் ஒரு சொல். அதில் ஸேரைத் தனியாகக் கேள்வி கேட்க முடியாது. ஃப்ரீ ஸ்டேட் ஆங்கிலத்தில் இரண்டு சொல். இரண்டாக நிற்கும்போது ஃப்ரீ என்பது மறுபடியும் சாதாரணப் பெயரடை. எவ்வளவு சுதந்திரம், எதிலிருந்து சுதந்திரம் என்று கேட்கலாம், பேரம் பேசலாம். டிசம்பரில் பேசினார்கள். கனடாவுக்கு இருக்கும் அதே ஸ்தானம்; அரசின் சட்டத்துக்கு விசுவாசப் பிரமாணம்; அத்துடன் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு உண்மையாக இருப்பேன் என்ற வாக்கு.

இந்த இடத்தில்தான் பழைய சட்ட நூல் எனக்கு ஞாபகம் வருகிறது. எப்போது வேண்டுமானாலும் பேசி விலகலாம் என்ற நம்பிக்கை. மானம் விற்கப்படவில்லை என்ற ஏற்பாடு. ஆனால் பிரபு வரும்போது எழுந்து நிற்கவேண்டும். இது ஸோய்ர் சார்பு. அட்சரம் பிசகாமல் அதுதான். லாய்ட் ஜார்ஜ் அந்தச் சொல்லைத் திரித்தார், அதன் அர்த்தத்தைக் கெடுத்தார் என்றுதான் குடியரசுவாதிகள் குற்றம் சாட்டினார்கள். அவர் கெடுக்கவில்லை. சொல்லை அதன் பழைய வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய் விட்டார். 1919இல் அதை எடுத்தவர்கள், பிரபு இல்லாத, மன்னர் இல்லாத ஒன்றைக் குறிக்க, பிரபு இல்லாமல் அர்த்தமே கொள்ளாத ஒரு பெயரடையை எடுத்திருந்தார்கள். மூதாதையர் மொழியில் புதிய எண்ணத்தைச் சொல்ல விரும்புகிறவர்கள் எல்லோருக்கும் இந்த அபாயம் உண்டு. மொழியில் நாம் வைப்பதைவிட அதில் ஏற்கனவே இருப்பது அதிகம்.

1922 ஜனவரி 7 அன்று டாயில் 64க்கு 57 என்ற கணக்கில் உடன்படிக்கையை ஏற்றது. விவாதத்தில் பிரமாணத்தைப் பற்றிப் பேசிய அளவில் ஒரு சிறு பங்குகூட, வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிந்து நிற்பதைப் பற்றிப் பேசப்படவில்லை. அந்த வருஷம் இரு தரப்புக்கும் பத்திரிகைகள் இருந்தன. உடன்படிக்கையை எதிர்த்தவர்களின் பத்திரிகைக்குப் பெயர் பொப்லக்த். ஆதரித்தவர்களின் பத்திரிகைக்குப் பெயர் ஸேர்ஸ்தாத். ஒரே ஆங்கிலச் சொல்லின் இரண்டு மொழிபெயர்ப்புகள் எதிரெதிர்ப் பத்திரிகைக் கடைகளில் தொங்கின. ஜூன் 28இல் பீரங்கி வெடித்தது. ஆகஸ்டில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களில் இருவர், க்ரிஃபித் நோயாலும் காலின்ஸ் துப்பாக்கிக் குண்டாலும், பத்து நாள் இடைவெளியில் இறந்தார்கள். டிசம்பர் 6 அன்று அந்த அரசு முறைப்படி பிறந்தபோது இருவரும் இல்லை. 1923 மே மாதம் சண்டை ஓயுமுன் புதிய அரசாங்கம் எழுபதுக்கும் மேற்பட்ட தன் பழைய தோழர்களைச் சுட்டுக் கொன்றிருந்தது. சண்டையில் எதிர்த்தரப்பார் அரசுப் படையினரை வெறுமனே 'ஸ்டேட்டர்கள்' என்று அழைத்தார்கள். வசையில் பெயரடை உதிர்ந்துவிட்டது. அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

டேனியல் பின்ஷி என்ற மனிதரை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1929 முதல் 1932 வரை அவர் ஸேர்ஸ்தாத்தின் தூதராக பெர்லினில் இருந்தார்; அதாவது ஃப்ரைஷ்டாட் என்று பெயர் சூடிய பிரஷ்யாவின் தலைநகரில். பிறகு உத்தியோகத்தை விட்டு ஏட்டுப் பிரதிகளுக்குப் போனார். 1941இல் க்ரித் கவ்லாக்கைப் பதிப்பித்தார். 1978இல் பழைய ஐரிஷ் சட்டத் தொகுப்பு முழுவதையும் ஆறு பாகங்களாக வெளியிட்டார். ஸோய்ர் சார்புக்காரன் எழுந்து நிற்க வேண்டும் என்று நான் எழுத முடிவது அவரைப் போன்றவர்களின் உழைப்பினால்.

அரசு பிறந்த உடனே தபால்தலை அச்சிட அவகாசம் இல்லை. பிரிட்டிஷ் தபால்தலைகளை வாங்கி, ஐந்தாம் ஜார்ஜின் தலைமேல் 'ஸேர்ஸ்தாத் ஏரன் 1922' என்று கறுப்பு மையில் அடித்தார்கள். எழுத்துக்களுக்கு இடையே மன்னரின் மூக்கும் தாடியும் தெரிந்தன. அந்த அரசின் நிலையை இதைவிடத் துல்லியமாக யாரும் வரையவில்லை. 1928இல் நாணயம் வந்தது. வடிவத்தைத் தேர்ந்தெடுத்த குழுவுக்குத் தலைவர் யேட்ஸ், ஐரிஷ் மொழி அறியாத ஐரிஷ் மகாகவி. ஒரு பக்கம் குதிரை, சால்மன் மீன், காளை, கோழி, பன்றி. மறுபக்கம் யாழ், அதன் அருகே ஸேர்ஸ்தாத். பழைய சட்டத்தில் மாடே நாணயம் என்பதை நினைத்தால், காளை உருவத்தை ஷில்லிங்கில் பொறித்தது பொருத்தம்தான்.

டி வலேரா ஆட்சிக்கு வந்து 1937இல் புது அரசியல் சட்டம் எழுதியபோது பெயரை 'ஏரெ' என்று மட்டும் வைத்தார். பெயரடையும் இல்லை, அரசும் இல்லை. 1939 முதல் நாணயத்திலும் அதுவே. அந்தச் சட்டத்தின் ஐந்தாம் ஷரத்து இது எத்தகைய அரசு என்று வரையறுக்கிறது. ஐரிஷ் வாசகத்தில் ஸ்தாத் என்பதன் பின்னால் மூன்று பெயரடைகள் வரிசையாக நிற்கின்றன: இறையாண்மையுள்ள, பிறரைச் சாராத, ஜனநாயகமான. ஸேர் அந்த வரிசையில் இல்லை. 'சாராத' என்று அங்கே நிற்கும் சொல் ஓர் எதிர்மறை முன்னொட்டோடு கட்டிய சொல். சார்பு என்பதை முதலில் எழுதி, பிறகு அதை மறுத்துத்தான் சொல்ல முடிந்திருக்கிறது. 1949 ஏப்ரல் 18 அன்று குடியரசு என்ற வர்ணனை சட்டபூர்வமானபோது, ஐரிஷில் பொப்லக்த் திரும்பி வந்தது. ஸேர்ஸ்தாத் அதற்குள் சரித்திரப் புத்தகச் சொல்லாகிவிட்டது.

பெயரடைக்கு மட்டும் வேலை போகவில்லை. 1947இல் ஷானன் விமான நிலையத்தில் உலகின் முதல் தீர்வையற்ற கடை திறக்கப்பட்டது. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எண்ணெய் நிரப்ப இறங்கிய காலம் அது. நின்ற நேரத்தில் பயணிகள் சாராயமும் புகையிலையும் வாங்கினார்கள். தீர்வையற்ற என்பதற்கு ஐரிஷில் 'ஸேர் ஓ கிலாக்த்'. இங்கே ஸேர் யாருடனும் ஒட்டவில்லை. தனியாக நிற்கிறது, எதிலிருந்து என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. 1959இல் அந்த விமான நிலையத்தைச் சுற்றி அந்நிய முதலாளிகளுக்காக ஒரு தொழில் வட்டாரம் ஏற்படுத்தினார்கள். அதற்கு ஸேர் மறுபடியும் முன்னால் வந்து பெயரோடு ஒட்டிக்கொண்டது.